என் வயிற்றுக்குள் மாத்திரை எப்படி வந்தது

எண்டோஸ்கோபி எடுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து, கடைக்கு டிபன் சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்கக்கா, வாய் வழியா வயித்துக்குக் கொழாய் வுட்டாங்களாமே, எப்படித் தாங்குனீங்க?" ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே முறையாக எழுதி வைத்துவிடுகிறேன். குழாயைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். சுண்டுவிரல் கனம்தான் இருக்கும், நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும், பத்து நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும். என்னைப் படுக்க வைத்தது அந்தக் குழாய் இல்லை. அதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வராது.

அதியமான்கோட்டையில் நான்குவழிச் சாலை ஓரத்தில் எங்கள் டிபன் கடை. நானும் என் வீட்டுக்காரர் முருகேசனும்தான் முதலாளி, தொழிலாளி எல்லாம். அவர் பரிமாறுவார், கல்லாவைப் பார்ப்பார். நான் தோசைக்கல் முன்னால் நிற்பேன். விடியும் முன்னே நிற்க ஆரம்பித்தால் மதியம் வரை நின்றபடிதான். வருஷக்கணக்காக நின்றதில் இரண்டு முட்டியும் போய்விட்டன. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்று சொல்லி, வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டை அங்கேயே மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

வீம்பு இல்லை. எனக்குக் காரணம் இருந்தது. எங்கள் அம்மா பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போனவள். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போய், தினமும் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அந்த மாத்திரைகள் அவளுடைய இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டன. பிறகு டயாலிசிஸ். உடம்பிலிருக்கும் ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். நானும் என் தங்கை வசந்தாவும் மாற்றி மாற்றி அவளை சேலத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது என் தோளில் ஒரு பக்கம், வசந்தா தோளில் ஒரு பக்கம் என்று தலை சாய்ந்து சாய்ந்து வருவாள். கடைசியில் காலும் முகமும் வீங்கி, மூச்சு வாங்கி இறந்தாள். அன்றைக்கே சொல்லிவிட்டேன், வலி எவ்வளவு இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன், அந்த மாத்திரை என் வாயில் படாது என்று. வசந்தாவிடம் சொன்னேன். இவரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் சரி என்றுதான் தலையாட்டினார்கள்.

வசந்தாவைக் கட்டிக்கொடுத்தது பொம்மிடியில். அங்கிருந்து சித்தேரி மலைக்குப் போய், மூலிகை பொறுக்கி மருந்து செய்யும் ஒரு பெரியவரிடம் முட்டி வலிக்குப் பொடி வாங்கி வந்தாள். தேனில் குழைத்துக் காலையும் மாலையும் சாப்பிடச் சொன்னாள். முதல் டப்பா முழுக்கத் தின்றேன், ஒரு மாற்றமும் இல்லை. ஒரு நாள் கக்கூஸில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். இவர்தான் கதவைத் தள்ளி உள்ளே வந்து தூக்கினார். அன்றைக்கு வசந்தாவும் வந்திருந்தாள், பார்த்தாள்.

அடுத்து வந்த டப்பாவைத் தொடங்கிய ஒரு வாரத்தில் நான் மாடிப்படி ஏறினேன். பொய் சொல்லவில்லை, கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினேன். அதற்கப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? கடைக்கு வந்த லாரி டிரைவர்களில் இருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை எல்லாருக்கும் சித்தேரிப் பொடியின் மகிமையைச் சொன்னேன். இரண்டு மூன்று பேர் தேடிப் போய் வாங்கியும் வந்தார்கள். "நமக்கு ஒண்ணும் கேக்கலீங்களே" என்றார்கள். நீங்கள் பத்தியம் இருக்கவில்லை, அதுதான் கேட்கவில்லை என்று நான் அவர்களைத்தான் திட்டினேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. வசந்தா டப்பா தீரும் முன்னே அடுத்த டப்பாவோடு பஸ் ஏறி வந்துவிடுவாள், முடியாதபோது பொடியை மட்டும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். மேல் வயிறு எரிய ஆரம்பித்தது. தோசைக்கல் சூட்டில் நிற்கிறோம், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று விட்டுவிட்டேன். வெளிக்கிப் போனால் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. நாள்தோறும் ராகிக் களி தின்கிறோம், கறுப்பாகத்தானே போகும் என்று அதையும் விட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். களி தின்றால் நிறம் கொஞ்சம் மாறும். பிசுபிசுவென்று தார் போல, கெட்ட நாற்றத்தோடு போனால் அது களி இல்லை, ரத்தம். வயிற்றுக்குள் கசிகிற ரத்தம் அங்குள்ள அமிலம் பட்டுக் கறுத்துத்தான் வெளியே வரும். இது எனக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் காலையில் தோசை திருப்பிக்கொண்டிருந்தவள் கண் இருட்டிக் கீழே விழுந்தேன். நல்லவேளை, கல்லின் மேல் விழவில்லை.

தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். டாக்டரம்மா சின்ன வயதுதான், ஆனால் கேள்வி கேட்டால் விடமாட்டார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது என்றார். ரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. மறுநாள் காலை எண்டோஸ்கோபி, அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் கேமராவுக்கு ஏதாவது தெரியும். அதோடு, குழாய் போகும்போது குமட்டினால், உள்ளே இருக்கிறது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். என் உதடு காய்ந்ததைப் பார்த்து, இவர் பஞ்சை நனைத்து உதட்டைத் தொட்டுத் தொட்டு விட்டார். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காத்திருக்கும் கூடத்தில் என் பக்கத்தில் பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவர். நர்ஸ் வந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் திங்கலீங்க, மண்டியில ஒரே ஒரு டீ குடிச்சன்" என்றார்.

"டீயும் கூடாதுன்னு நேத்தே சொன்னமில்லீங்க?"

"டீ தண்ணிதானுங்க. அத எப்படிச் சாப்பாட்டுல சேப்பீங்க?"

"பால் இருக்குதுங்களே. நாளைக்கு வாங்க."

அவர் மண்டியில் விலை பேசுவது மாதிரிக் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. ஆகவே டீ குடிக்காதீர்கள்.

பல்செட் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்குவார்கள். இவர்தான் போட்டார். தொண்டையில் ஒரு மருந்து அடித்தார்கள், கசப்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கும் தொண்டையும் மரத்துப்போய், எச்சில் விழுங்குவதுகூடத் தெரியவில்லை. மூச்சு அடைக்கிறது போலத் தோன்றும், அடைக்காது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல் குழாயைக் கடித்துவிடாமல் இருக்க வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தார்கள். மயக்கத்துக்கு நரம்பில் ஊசி போட்டார்கள். அவ்வளவுதான், கண் விழித்தபோது வேறு கட்டிலில் கிடந்தேன். கசிகிற இடத்தைக் குழாய் வழியாகவே மருந்து விட்டு அடைத்துவிட்டதாகவும், ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்கள்.

டாக்டரம்மா கலர் படங்களோடு வந்தார். என் இரைப்பையை நான் முதல்முறையாகப் பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, அங்கங்கே வெள்ளைக் குழி குழியாக இருந்தது. அந்தக் குழிகள்தான் அல்சர், அதாவது புண்.

"என்ன வலி மாத்திரைம்மா போடறீங்க?" என்றார்.

"நான் வலி மாத்திரையே போட மாட்டனுங்க."

"கிருமியால வர்ற புண்ணான்னும் டெஸ்ட் பண்ணியாச்சும்மா, கிருமி இல்ல. இது நாள்பட வலி மாத்திரை போடறவங்களுக்கு வர்ற மாதிரி இருக்குது. சொன்னாதான நான் வைத்தியம் பண்ண முடியும்?"

"டாக்டரம்மா, எங்கம்மா அந்த மாத்திரையாலதான் செத்தா. அவ மேல சத்தியமாச் சொல்றன், ஒரு மாத்திரை என் வாயில பட்டதில்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடையில் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்கிறவனை நான் பார்க்கும் பார்வை அது. எனக்குக் கூசிப்போனது. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல இவர் பக்கம் திரும்பினேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், என்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா விடவில்லை. நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். பொடியைச் சொன்னேன். இந்த மாதிரிப் பொடிகளில் சிலர் வலி மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுவது உண்டு, அதனால்தான் சட்டென்று கேட்கும் என்றார். அப்படியானால் கிட்னியையும் பார்க்க வேண்டும் என்று ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வயிற்றுப் புண் மறந்தே போனது. கிட்னி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் வீங்கிய கால்தான் கண் முன்னே நின்றது.

ரத்தம் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டில்காரியிடம் சித்தேரிப் பெரியவரை நான் திட்டாத திட்டு இல்லை. காட்டில் பொறுக்கித் தின்கிறவன் கடை மாத்திரையைக் கலந்து என்னைக் கொல்லப் பார்த்தானே, இங்கேயிருந்து வெளியே போனதும் நேரே மலைக்குப் போய் அந்தாள் சட்டையைப் பிடித்துவிட்டு, போலீஸிலும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன். டப்பாவை எடுத்து வாருங்கள் என்று இவரிடம் சொன்னால், "அது தீந்துபோச்சு செல்வி, உடு" என்றார். பாதி டப்பா இருந்தது எனக்குத் தெரியும். மயக்கத்தில் எனக்குத்தான் தவறாக நினைவிருக்கிறது போல என்று சமாதானம் செய்துகொண்டேன். பாருங்கள், என் புத்தியைச் சந்தேகப்பட்டேனே தவிர அவரைச் சந்தேகப்படவில்லை.

மறுநாள் வசந்தா பொம்மிடியிலிருந்து கஞ்சி வைத்து எடுத்து வந்தாள். சிக்கு விழுந்திருந்த என் தலையை மடியில் வைத்து, வலிக்காமல் வாரிப் பின்னிவிட்டாள். டம்ளரில் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். நான் குடித்துக்கொண்டே போலீஸ் கதையைச் சொன்னேன். உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, எல்லாரும் போவோம் என்றேன். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அந்தப் பெரியவரு மேல பழி போடாத."

"ஏன்டி? உன் பக்கத்து ஆளுன்னா?"

"அவரு குடுத்தது வெறும் மூலிகைக்கா. இது எலும்புத் தேய்மானம், எங்கிட்ட மருந்தில்ல, டாக்டரப் பாக்கச் சொல்லும்மான்னு அவரு அப்பவே சொல்லிட்டாரு." அவள் அழ ஆரம்பித்தாள். "நான்தாங்க்கா மாத்திரைய இடிச்சுக் கலந்தன். நீ அன்னிக்குக் கக்கூஸ்ல அழுததப் பாக்க முடியலக்கா."

எனக்கு முதலில் அது ஏறவே இல்லை. யாரோ யாருக்கோ செய்ததைச் சொல்கிறாள் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன், "இவருக்குத் தெரியுமா?"

அவள் கதவோரம் நின்றிருந்த இவரைப் பார்த்தாள். இவர்தான் பேசினார். "அவ வர முடியாதப்ப நான் வாங்கி இடிச்சுப் போட்டன், செல்வி. மறைச்சது தப்புதான். நீ நல்லா நடந்தியே."

எந்த உரலில் இடித்தீர்கள் என்று கேட்டேன். கடையில் மிளகு இடிக்கிற சின்ன உரலாம். என் கைக்கெட்டும் தூரத்தில், என் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற உரல். நான் மாலையில் அசந்து தூங்கும்போது இடித்திருக்கிறார்.

நான் கத்தவில்லை. கத்தக்கூடிய ஆள்தான், ஊரே சொல்லும். மிச்சக் கஞ்சியை வசந்தா கையில் திருப்பிக் கொடுத்தேன். வயிற்றில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் போன கஞ்சியையும் வெளியே எடுத்துக் கொடுத்துவிட முடியுமா என்று இருந்தது. அம்மாவின் தலை சாய்ந்த அந்த இன்னொரு தோள் இவளுடையது. வேறு யார் செய்திருந்தாலும், தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விட்டிருப்பேன். இவளுக்குத் தெரியும். அந்த மாத்திரை கடைசியில் என்ன செய்யும் என்று என்னைப் போலவே பார்த்தவள்.

இவரை நினைத்தால் இன்னும் எரிகிறது. மாத்திரை கலந்ததைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. டாக்டரம்மா முன்னால் செத்துப்போன அம்மா மேல் நான் சத்தியம் செய்தபோது, நான் பொய்க்காரியாக உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லையே. அவர் கையை வேறு நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கிட்னி பரிசோதனை முடிவு வரும்வரை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். இவர் இளநீர் வாங்கி வந்து நின்றார், போர்வையை இழுத்து விட்டார், காலைப் பிடித்துவிட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். முடிவு வந்தது. கிரியேட்டினின் என்று ஒன்று உண்டு. உடம்பின் கழிவு, கிட்னி நன்றாக இருந்தால் வெளியே தள்ளிவிடும், கெட்டுப்போனால் ரத்தத்தில் தேங்கும். நம் ஊரில் உப்பு ஏறிவிட்டது என்பது அதைத்தான். எனக்கு ஏறியிருந்தது. அதிகமில்லை, மாத்திரையை நிறுத்தினால் இறங்க வாய்ப்பிருக்கிறது, விடாமல் பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. வசந்தாவும் இவரும் கலந்ததை அவரிடம் சொன்னேன். என்னிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில், "உங்கள நம்பாமப் போயிட்டன்மா" என்றார். அவர் ஒருத்தர்தான் என்னிடம் அதைக் கேட்க வேண்டாதவர்.

வீட்டுக்கு வந்தபிறகு சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து, பாசத்தில்தானே செய்தார்கள் என்றார்கள். பாசம் இல்லை என்று நான் சொன்னேனா? என் அழுகையை அவர்களால் பார்க்க முடியவில்லை, அதனால் அதை நிறுத்தினார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தது மட்டும் அவர்கள் காதில் விழவில்லை. பொடியால் நன்றாக ஆகிவிட்டேன் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு மாடிப்படி ஏறியதைப் பார்த்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால், அவமானமாக இருக்கிறது.

இப்போது இவர் எதைச் செய்தாலும் என் கண் முன்னால் செய்கிறார். ரசம் வைத்தால் முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டுகிறார். அதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. என் சாப்பாட்டை நானே செய்து கொள்கிறேன். டாக்டர் கொடுத்த புண் மாத்திரையை அட்டையிலிருந்து நானே பிதுக்கி எடுக்கிறேன். வசந்தா போன் செய்தால் பேசுகிறேன். மழை பெய்ததா, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். சித்தேரிப் பெரியவருக்கு மட்டும் ஆள் மூலம் மன்னிப்புச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, புண் ஆறிவிட்டதா என்று மறுபடி எண்டோஸ்கோபி செய்யக் கூப்பிட்டார்கள். மயக்க ஊசி போட்டால் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், தனியே அனுப்பமாட்டோம் என்றார்கள். ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப் போனேன். ஆகையால் விழித்திருந்தால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல முடியும். குழாய் அடித்தொண்டையைத் தாண்டும் அந்த ஒரு நொடிதான் கஷ்டம். விழுங்குங்கள் என்பார்கள், விழுங்கிவிட வேண்டும். அதற்குமேல் வலி இல்லை, குமட்டல்தான். உள்ளே காற்றடித்து வயிற்றை விரிப்பார்கள், உப்பிக்கொண்டு ஏப்பம் ஏப்பமாக வரும். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும். வெட்கப்பட வேண்டாம், எல்லாருக்கும் கொட்டும். மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் போதும். என் தலையைப் பிடித்திருந்த நர்ஸ் பெண், "அவ்ளோதாம்மா, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை முன்பின் தெரியாத ஒருத்தியுடையது, அதுவே நிம்மதியாக இருந்தது.

புண் ஆறியிருந்தது. உப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது, முழுதாக இறங்கவில்லை. தொண்டை மரப்பு போகும்வரை ஒன்றும் குடிக்கக் கூடாது என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நேரமானதும் அந்த நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு மடக்குக் குடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, போகலாம் என்றாள். எழுந்தேன். பாதியிலேயே முட்டி மடங்கி, பெஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பொடியை நிறுத்தியதிலிருந்து வலி பழையபடி வந்துவிட்டது, முன்னைவிட அதிகம். அந்த நேரம் பார்த்து இவர் போன் செய்தார்.

"என்ன சொன்னாங்க செல்வி?"

"ஆறிப்போச்சாம்."

"முட்டி எப்படி இருக்குது? நடக்க முடியுதா? நான் வண்டி எடுத்துக்கிட்டு வரட்டா?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்லீங்க. வலியே இல்ல. பஸ்ஸுலயே வந்துர்றன்."

போனை வைத்தேன். நர்ஸ் பெண் என் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தி நிற்க வைத்தாள். என் முகத்தில் வேர்த்திருந்ததைப் பார்த்தாள்.

"இவ்ளோ வலிய வெச்சுக்கிட்டு ஏம்மா இல்லங்கறீங்க? வூட்டுல சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா சரி பண்ணிருவாங்கம்மா" என்றேன்.